பெரியவர்களுக்கும் லெகோ: பினாங்கிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தமிழர்கள் கூடும் இடங்களில், கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் அன்னதான வரிசையில், பிறை வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் கேன்டீனில், "நீங்கள் லெகோ கட்டுகிறீர்களாமே?" என்று ஆரம்பித்துப் பலர் கேட்ட கேள்விகள் இவை. ஒன்றோடொன்று இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு, வண்டி என்று கட்டும் சாமான்தான் லெகோ. கேட்டவர்களில் பாதிப்பேர் சிறுவயதில் விட்டதை மறுபடி எடுக்க நினைப்பவர்கள். மீதிப்பேர் இப்போதுதான் முதல் முறையாகத் தொடப்போகிறவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

நாற்பது வயதில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் போய்ப் பாருங்கள். படிக்கட்டு அமைப்பதும், எந்தப் படியில் எந்தப் பொம்மை என்று முடிவு செய்வதும், கீழே மண் பரப்பி ஒரு குட்டிக் கிராமமே உண்டாக்குவதும் பெரியவர்கள்தான். குழந்தைகள் ஓடியாடி எடுத்துக் கொடுப்பார்கள். பாட்டியிடம் போய் "இந்த வயதில் பொம்மையா?" என்று யாரும் கேட்பதில்லை. சின்னச் சின்ன உருவங்களை அடுக்கி ஓர் உலகத்தை உண்டாக்குவது பெரியவர்களின் காரியம் என்பது நமக்குப் புதிதல்ல.

லெகோ நிறுவனமே 2020 முதல் 18 வயதுக்கு மேல் என்று அச்சிட்ட கறுப்புப் பெட்டிகளைத் தனி வரிசையாக விற்கிறது. 2017இல் வந்த தாஜ்மகால் 5,923 துண்டுகள், 2021இல் வந்த உலக வரைபடம் 11,695 துண்டுகள். இவை ஒரு பிள்ளை மாலையில் உட்கார்ந்து முடிக்கும் வேலை இல்லை.

வீட்டில் வாதாட வேண்டாம் என்பது என் எண்ணம். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் கட்ட ஆரம்பியுங்கள். கேள்வி கேட்டவரே பத்து நிமிடத்தில் "அந்த மஞ்சள் துண்டு இதோ இருக்கிறது" என்று எடுத்துக் கொடுப்பார்.

எனக்குச் சிறுவயதில் லெகோவே கிடையாது. தோட்டத்தில் வளர்ந்தவன். 'மறுபடி கண்டுபிடிப்பது' என்ற பேச்சு எனக்குப் பொருந்துமா?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கேட்டவர்களும் அதிகம், கேட்கத் தயங்கியவர்கள் அதைவிட அதிகம்.

ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வளர்ந்த நம் தலைமுறைக்குப் பெட்டி லெகோ என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொருள். கிடைத்ததெல்லாம் பாசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்ட மலிவுக் கட்டைகள். ஒன்றோடொன்று சரியாகப் பிடிக்காது. நாலு அடுக்கு ஏற்றினால் சாயும். சிலருக்கு அதுவும் இல்லை. ரப்பர் கொட்டை, தீப்பெட்டி, செம்பனை மட்டை, களிமண் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள்.

ஆனால் கட்டினார்கள் அல்லவா? தீப்பெட்டியில் லாரி செய்தவருக்குச் சக்கரம் எங்கே வர வேண்டும், பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பது கையில் தெரியும். இதில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் கையைத்தான். பெட்டியின் மேல் என்ன பெயர் அச்சிட்டிருந்தது என்பது இரண்டாம் பட்சம். சிறுவயதில் லெகோ இருந்தவர்கள் பலர் படத்தைப் பார்த்துக் கட்டிப் பழகியவர்கள். படமே இல்லாமல் கட்டியவர்களுக்குச் சொந்தமாக ஒன்றை உருவாக்கும் துணிச்சல் சீக்கிரம் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரால் வாங்கித் தர முடியாமல் போனதை இன்று நம் சம்பளத்தில் வாங்கும்போது தொண்டை அடைக்கும். அடைக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே எச்சரிக்கை: அந்த வேகத்தில் கடையிலுள்ள மிகப் பெரிய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். அதைக் கட்டி முடித்து அலமாரியில் வைத்த பிறகு கை சும்மா இருக்கும்.

அப்படியானால் முதலில் எதை வாங்குவது?

நடுத்தர அளவில் ஒரு 'கிளாசிக்' பெட்டி. 790 துண்டுகள் உள்ள மஞ்சள் பெட்டி அதில் நல்ல தேர்வு. அதில் கதவு, ஜன்னல், சக்கரம், சாதாரணக் கட்டைகள் எல்லாம் வரும். அடுத்ததாக, ஒரே பெட்டியில் மூன்று மாதிரிகள் கட்டக்கூடிய 'கிரியேட்டர்' வரிசை. ஒன்றைக் கட்டி, பிரித்து, அதே துண்டுகளில் வேறொன்றைக் கட்டும்போதுதான் இந்தப் பொருளின் குணம் கைக்குப் புரியும்.

படம் பார்த்துக் கட்டுவது மட்டும் போதும், வேலை முடிந்து வந்தால் மனம் அடங்க வேண்டும் என்பவர்களுக்குப் பூங்கொத்து செட்கள் பொருந்தும். 2021இல் வந்த முதல் பூங்கொத்து 756 துண்டுகள். அதில் தவறொன்றுமில்லை.

அலமாரிக்கு மேல் பழைய கட்டைகள் ஒரு பை கிடைத்தன. புதியவற்றோடு சேருமா?

சேரும். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகளோடு தொடங்கிய நிறுவனம் இது. 1949இல் பிளாஸ்டிக் கட்டை செய்தார்கள். அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் கிடிகிராஃப்ட் என்ற நிறுவனம் செய்த கட்டை. அந்தக் காலத்துக் கட்டைக்கு உள்ளே வெற்றிடம்தான். மேலே குமிழ் இருக்கும், கீழே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 1958 ஜனவரியில் ஓலேயின் மகன் காட்ஃப்ரெட், உள்ளே குழாய்கள் வைத்த கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கீழுள்ள கட்டையின் குமிழ், மேலுள்ள கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகி நிற்கும். அந்த அளவு அதன்பிறகு மாறவே இல்லை. அறுபது ஆண்டுக்கு முந்தைய கட்டையின் மேல் நேற்று வாங்கியதை அழுத்தினால் பிடிக்கும்.

நிறம் வேறு விஷயம். 2004 வாக்கில் சாம்பல் நிறத்தை மாற்றினார்கள். பழைய சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் வாடை, புதியதில் நீல வாடை. ஒரே சுவரில் கலந்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். பழைய ஊர்ச் சுவர் கட்ட நினைக்கும் எனக்கு அந்தக் கலவை பிடிக்கும். அதற்காகவே பழைய சாம்பலைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

வெள்ளைக் கட்டைகள் பழுப்பேறியிருந்தால் அது பெரும்பாலும் வெயிலின் வேலை. கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி போதும். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. துணி துவைக்கும் மிஷினில் போடாதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு துவாலையின் மேல் பரப்பிக் காய வையுங்கள், வெயிலில் வேண்டாம். பழுப்பு, அடர்சிவப்பு நிறத் துண்டுகளில் சில ஆண்டுகளில் வந்தவை நொறுங்கும் குணமுள்ளவை. அவற்றைப் பிரிக்கும்போது மெதுவாக.

ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கு ஏன் இவ்வளவு விலை?

என் தொழில் பக்கம் வந்துவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கட்டை செய்யும் பிளாஸ்டிக்கின் பெயர் ஏபிஎஸ். 1963 முதல் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பிருந்த செல்லுலோஸ் அசிட்டேட் காலப்போக்கில் வளைந்துபோகும். ஏபிஎஸ் குருணை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பினாங்குக் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதனால் மிஷினில் போடுவதற்கு முன் குருணையைப் பல மணி நேரம் சூடான காற்றில் உலர்த்த வேண்டும். உலர்த்தாமல் விட்டால் வார்ப்பின் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழும். பிறகு ஏறக்குறைய 230 டிகிரியில் உருக்கி, பெரும் அழுத்தத்தில் மோல்டுக்குள் தள்ளிக் குளிரவைத்து எடுப்பார்கள்.

இதெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் பிறையிலும் தினமும் நடப்பதுதான். கடினம் எங்கே என்றால் அளவில். குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் குமிழ் இல்லாமல் 9.6 மில்லிமீட்டர். ஒரு மயிரிழை பெரிதானால் குழந்தையால் பிரிக்க முடியாது. ஒரு மயிரிழை சிறிதானால் கட்டிய சுவர் நிற்காது. பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்கும், நிறத்துக்கு நிறம் சுருக்கத்தில் வித்தியாசம் வரும். அத்தனையையும் கணக்கில் எடுத்து, கோடிக்கணக்கான துண்டுகளை, வேறு வேறு நாட்டுத் தொழிற்சாலைகளில் (டென்மார்க், ஹங்கேரி, மெக்சிகோ, சீனா, 2025 முதல் வியட்நாம்) ஒரே பிடிப்போடு செய்வது சாதாரண விஷயம் இல்லை. மோல்டு தேயும். தேய்ந்த மோல்டை எப்போது ஒதுக்குவது என்பதில்தான் ஒரு தொழிற்சாலையின் நேர்மை தெரியும். அந்த ஒழுங்குக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

அதற்காக எந்த விலைக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. பெட்டியின் விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு துண்டு ஐம்பது சென்னுக்குள் வந்தால் எனக்குச் சம்மதம். சினிமாப் பெயர் போட்ட பெட்டிகளில் அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை.

கால் விலைக்குக் கிடைக்கும் மற்ற கட்டைகளை வாங்கலாமா?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சொந்தமாக வடிவமைத்த மாதிரியைச் சொந்தப் பெயரில் விற்கும் நிறுவனங்கள். கட்டைக்கான பழைய காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள முடியாது என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே அவர்கள் செய்வது முறையான வியாபாரம். சிலவற்றின் தரம் இப்போது மிக நன்றாகவே இருக்கிறது.

இன்னொன்று, லெகோ வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த மாதிரியைப் பெட்டிப் படம் முதல் அப்படியே நகலெடுத்து விற்பவை. அதை வாங்க வேண்டாம். நாமும் உழைப்பவர்கள்.

பழைய கட்டைகளை இங்கே எங்கே தேடுவது?

இணையத்தில் கரோசெல், ஷோப்பி, முகநூல் சந்தை. தீவில் இருப்பவர்கள் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலும் ஒரு பார்வை பார்க்கலாம். எப்போதும் இருக்காது, இருந்தால் காலையிலேயே போய்விடும். ஒவ்வொரு குமிழின் மேலும் லெகோ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கலவையாகக் கொட்டி வைத்திருந்தால் கையால் கிளறி அடியில் இருப்பதையும் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

குறிப்பிட்ட ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்றால் பிரிக்லிங்க் இருக்கிறது. 2000இல் ஒரு ரசிகர் தொடங்கிய தளம், 2019இல் லெகோவே வாங்கிக்கொண்டது. உலகெங்கும் உள்ள சிறு விற்பனையாளர்களிடம் தனித்தனித் துண்டாக வாங்கலாம். துண்டு பத்து சென்னுக்குக் கிடைத்தாலும் தபால் செலவு நாற்பது வெள்ளி வந்துவிடும். ஆகவே தேவையானதை எழுதிவைத்துக்கொண்டே வந்து, ஒரே கடையில் மொத்தமாக வாங்குங்கள். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களை இணையத்தில் வாங்கும்போது பதிவு பெற்ற விற்பனையாளர்கள் 10 விழுக்காடு விற்பனை வரி வசூலிக்கிறார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செட்டைக் கட்டி முடித்துவிட்டேன். இனி என்ன?

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான் இருக்கிறது. ஒரே நிறத்தில், இரண்டுக்கு நாலு குமிழ் உள்ள ஆறு கட்டைகளை 915,103,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணிதப் பேராசிரியர் ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். ஆறு கட்டைகளுக்கே இவ்வளவு என்றால், படத்தில் உள்ள ஒரே ஒரு விதத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்?

பாரிஸும் நியூயார்க்கும் பெட்டியில் வந்திருக்கின்றன. ஜார்ஜ் டவுனின் லெபோ பசார் தெரு பெட்டியில் வராது. அதை நாம்தான் கட்ட வேண்டும். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த நகரம் இது. அங்கே பூக்கடைக்கும் துணிக்கடைக்கும் மேலே இருக்கும் பழைய கடைவீட்டு முகப்பை நிமிர்ந்து பார்த்திருக்கிறோமா? கட்டத் தொடங்கினால் பார்ப்போம். முகப்பில் எத்தனை ஜன்னல், பலகணிச் சட்டங்கள் எப்படிச் சரிந்திருக்கின்றன, தூணின் தலைப்பில் என்ன பூ வேலை என்று கண் தானாகத் தேடும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு தந்த பெரிய லாபம் அதுதான்.

ஒரு கடைவீட்டை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். லெகோ மனிதனின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ. நிஜ மனிதர் 170 செ.மீ. என்று வைத்தால் அளவுவிகிதம் நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. கடைவீட்டின் அகலம் 5 முதல் 6 மீட்டர். அதை 42ஆல் வகுத்தால் 12 முதல் 14 செ.மீ. 8 மில்லிமீட்டர் கணக்கில் 15 முதல் 18 குமிழ். பதினாறு என்று வைத்துக்கொண்டால், 32 குமிழ் அடித்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கடைவீடுகள் அச்சாக உட்காரும். முன்னால் இருக்கும் அஞ்சடி, அதாவது ஐந்தடி அகலமுள்ள நடைபாதை, ஏறக்குறைய 152 செ.மீ. வகுத்தால் நாலரைக் குமிழ். நாலோ ஐந்தோ வைக்கலாம். நான் ஐந்து வைப்பேன். அஞ்சடியில் ஒரு சைக்கிளும் ஒரு பூமாலைக் கடையும் வைக்க இடம் வேண்டுமே!

நிஜக் கடைவீடு உள்ளே நீண்டு போகும், முப்பது மீட்டர்கூட இருக்கும். அதை முழுதாகக் கட்ட வீட்டில் இடம் இருக்காது. முகப்பையும் முன் அறையையும் மட்டும் கட்டுங்கள். பலகணிக்கு வரிவரியாகப் பள்ளம் உள்ள 'கிரில்' ஓடு மிகப் பொருத்தம். கூரைக்குச் சரிவுக் கட்டைகளை ஒரே நிறத்தில் போடாமல் செம்பழுப்பில் இரண்டு மூன்று சாயல் கலந்தால் மழை பட்டுக் கறுத்த ஓடு கண்முன் வரும்.

கணினியில் முதலில் கட்டிப் பார்க்க 'ஸ்டுடியோ' என்ற மென்பொருள் இலவசம். எத்தனை துண்டு வேண்டும் என்ற பட்டியலையும் அதுவே கொடுக்கும்.

கோபுரம் கட்ட முடியுமா? சிலை வேலைப்பாடு எல்லாம் எப்படி?

முடியும். ஆனால் அதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். ஒரு கடைவீடாவது கட்டிய பிறகு வாருங்கள்.

லெபோ குவினில் உள்ள மகா மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். அதன் கோபுரம் சுமார் ஏழு மீட்டர் உயரம். 42ஆல் வகுத்தால் 17 செ.மீ., அதாவது பதினெட்டுக் கட்டை உயரம்கூட இல்லை. கேட்கும்போது சின்னதாகத் தோன்றும். அந்தப் பதினெட்டுக் கட்டைக்குள் எத்தனை தளம், எத்தனை உருவம் என்று நினைத்தால்தான் வேலை புரியும்.

இரண்டு நுணுக்கங்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலாவது, சரிவு. கோபுரம் மேலே போகப்போக ஒடுங்க வேண்டும். தளத்துக்குத் தளம் ஒரு முழுக் குமிழ் உள்ளே தள்ளினால் அது படிக்கட்டாகத்தான் தெரியும். நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள ஒரு பிளேட், அதாவது மெல்லிய கட்டை, உண்டு. அதை வைத்தால் மேல் தளம் அரைக் குமிழ் மட்டும் உள்ளே போகும். சரிவு மெதுவாக, கண்ணுக்கு இதமாக வரும்.

இரண்டாவது, பக்கவாட்டில் கட்டுவது. லெகோ என்றால் கீழிருந்து மேலேதான் அடுக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் குமிழ் உள்ள கட்டைகள் இருக்கின்றன. அவற்றை உள்ளே நட்டு, முகப்பில் சிலைகளையும் கொடிகளையும் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். இங்கே ஒரு கணக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பிளேட் என்பது கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரம், 3.2 மில்லிமீட்டர். ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் அகலமும் 16 மில்லிமீட்டர். இந்த ஐந்துக்கு இரண்டு என்ற உறவால்தான் பக்கவாட்டில் கட்டியதும் நேராகக் கட்டியதும் இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றன. 1958இல் போட்ட அளவில் இப்படியொரு இசைவு ஒளிந்திருப்பதை முதன்முதலில் கையால் உணர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

உருவங்களுக்கு ஒரு குமிழ் அகலமே உள்ள குட்டி உருவங்கள் கிடைக்கின்றன. முகம் தெளிவாகத் தெரிய வேண்டியதில்லை. கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் கண்ணில் படுவது நிறமும் நிழலும் நெரிசலும்தான். நீலம், இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தாராளமாக வையுங்கள். அடக்கி வாசித்தால் நம் கோபுரம் மாதிரி இருக்காது. உச்சியில் கலசங்களுக்கு முத்துப் பொன் நிறத் துண்டுகள்.

தைப்பூச ரதம் பற்றியும் கேட்கிறார்கள். வெள்ளி நிறத்தில் எல்லா வடிவமும் கிடைக்காது. வெளிர்சாம்பலில் உடலைக் கட்டி, ஓரங்களிலும் விமானத்திலும் மட்டும் வெள்ளித் துண்டுகளைப் போட்டால் விளக்கொளியில் அழகாக இருக்கும். உருளும்படி செய்யுங்கள். பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டலுக்கென்றே ஒரு பருவம் வைத்த மொழி நம்முடையது.

கோயிலைப் பிளாஸ்டிக்கில் செய்வது தவறில்லையா?

இல்லை என்றே நம்புகிறேன். மனம் ஒப்புவதற்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள்: தரையில் வைத்துக் கட்டுவதில்லை, மூலவரை லெகோ மனிதனாகச் செய்வதில்லை, கருவறையைத் திரை போட்டது போல மூடிவிடுவேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் கெட்டுப்போகாதா?

கட்டைக்கு ஒன்றும் ஆகாது. கெடுவது கட்டும் முறையை விளக்கும் புத்தகமும் ஸ்டிக்கரும்தான். புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும், ஸ்டிக்கர் ஓரம் சுருளும். பெரும்பாலான செட்களின் புத்தகம் லெகோ தளத்திலேயே பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது, காகிதம் போனால் கவலை இல்லை. ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

அடுக்குமாடி வீடு. இடமே இல்லை.

தட்டையான மூடி போட்ட டப்பாக்கள், கட்டிலுக்கு அடியில். நிறம் பார்த்துப் பிரிக்காமல் வடிவம் பார்த்துப் பிரித்து வையுங்கள். சிவப்புக் குவியலில் ஒரு சிறு சிவப்புத் துண்டைத் தேடினால் கண் வலிக்கும். பல நிறக் குவியலில் சிவப்பு சட்டென்று தெரியும். தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் வேலை முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குள் போக வேண்டும், இதில் சாக்குப்போக்கு கிடையாது.

அப்பாவுக்கு எழுபது ஆகிறது. விரல் விறைப்பு. அவரோடு சேர்ந்து கட்ட ஆசை.

செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கென்று லெகோ செய்யும் டூப்ளோ கட்டைகள் சாதாரணக் கட்டையைப் போல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு. கைக்கு நன்றாகப் பிடிக்கும். டூப்ளோவின் மேல் சாதாரணக் கட்டையும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. அடித்தளத்தை அவர் பெரிய கட்டையில் எழுப்பட்டும், மேல் வேலையை நீங்கள் செய்யுங்கள். பிரிப்பதற்கென்று ஒரு சின்ன ஆரஞ்சு நிறக் கருவி உண்டு, நகமும் பல்லும் தேவையில்லை. கறுப்பும் அடர்பழுப்பும் மஞ்சள் விளக்கில் ஒன்றுபோலத் தெரியும், மேசைக்கு வெள்ளை விளக்கு போடுங்கள்.

எதைக் கட்டலாம் என்று தேட வேண்டாம். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால், பிறந்து வளர்ந்த லயத்து வீட்டைப் பற்றிக் கேளுங்கள். வாசல் எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே, எத்தனை வீடு ஒரு வரிசை, பிரட்டுக் களம் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) எவ்வளவு தூரம் என்று அவர் சொல்லச் சொல்லக் கட்டுங்கள். அந்தத் தோட்டங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. படம்கூட இல்லாத ஓர் இடத்தின் அளவு அவர் தலையில் மட்டும்தான் இருக்கும். கட்டும்போது "இல்லை, கதவு இன்னும் இடப்பக்கம்" என்று திருத்துவார். அப்படித் திருத்தும்போது வரும் கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறுமாமே?

பெரும்பாலான செட்கள் ஒன்றிரண்டு ஆண்டில் விற்பனையிலிருந்து போய்விடும், பிறகு சிலவற்றின் விலை ஏறும். 1987 முதல் 2015 வரையிலான விலைகளை வைத்து ரஷ்ய ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் ஆண்டுக்குச் சராசரி 11 விழுக்காடு ஏற்றம் என்று வந்தது. சராசரிதான் அது. உங்கள் பெட்டி எந்தப் பக்கம் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஈரம் பிடித்துப் பெட்டி உப்பினால் பாதி விலை போச்சு. சேமிக்க நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கட்டையைக் கட்டுங்கள்.

ஜொகூர் லெகோலாந்துக்குப் போனால் பெரியவர்களுக்கு ஏதாவது உண்டா?

2012இல் திறந்தது. ராட்டினங்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு 'மினிலாந்து' பகுதியில் நில்லுங்கள். இரட்டைக் கோபுரம் உட்பட ஆசியக் கட்டடங்களைக் கட்டையில் எழுப்பியிருக்கிறார்கள். வளைவுகளை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள். தொப்பி எடுத்துப் போங்கள், நிழல் குறைவு.

கட்டியதைப் பிரிக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?

செட் என்றால் பிரித்துவிடுங்கள். புத்தகம் இருக்கிறது, வேண்டும்போது மறுபடி வரும்.

சொந்தமாகக் கட்டியது என்றால் நாலு பக்கமும் மேலிருந்தும் படம் எடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டே வாருங்கள். அந்தப் படங்களைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்தால் அதுவே கட்டும் புத்தகம். ஸ்டுடியோவில் ஏற்றி வைத்தால் இன்னும் நல்லது, அடுத்தவருக்கும் கொடுக்கலாம். தீவில் ஒருவர் கட்டிய கடைவீட்டை பட்டர்வொர்த்தில் இன்னொருவர் தன் நிறத்தில் கட்டினால் தெரு நீளும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு வீட்டின் அஞ்சடியும் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். நான் வைப்பது ஐந்து குமிழ் அகலம், தரையிலிருந்து இரண்டு பிளேட் உயரம். நீங்களும் அதையே வைத்தால் உங்கள் வீட்டை என் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படியே கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.